சோறு ஆறுது கண்ணு

1

போன வாரம் ஒரு சாயங்காலம், ரசம் நுரைகட்டி இறக்கியதும், வழக்கம்போல மாடிப்படியின் அடியில் போய் நின்றேன். கைப்பிடிக் கட்டையில் ஒரு கையை வைத்துக்கொண்டு மேலே பார்த்துக் கூப்பிட்டேன்.

"சோறு ஆறுது கண்ணு..."

சோபாவில் இருந்த என் கணவர் குமரேசன் போனிலிருந்து தலையைத் தூக்கினார்.

"யாரக் கூப்புடற செல்வி?"

மேலே யாரும் இல்லை. எங்கள் ஒரே மகள் மித்ரா காலேஜ் படிக்க நியூஜெர்சிக்குப் போய்விட்டாள். நாங்களே கூடப் போய், ஹாஸ்டல் அறையில் மெத்தை விரித்து, ஊறுகாய் பாட்டிலை எங்கே வைப்பது என்று சண்டை போட்டு, விட்டுவிட்டு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். மறுபடியும் போனுக்குள் தலையை விட்டுக்கொண்டார். அன்றைக்கு ரசத்தில் உப்பு இல்லை. இரண்டு பேருமே அப்படியே சாப்பிட்டு எழுந்தோம்.

ஊரில் இருப்பவர்களுக்கு இந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டெக்சாஸில் டாலஸுக்குப் பக்கத்தில் காப்பெல் என்கிற ஊரில் இருக்கிறோம். இங்கே வீடு வாங்குகிற நம் ஆட்கள் பெரும்பாலும் மாடி வைத்த வீடாகத்தான் தேடுவோம். மாடி இருந்தால்தானே ஊருக்கு வீடியோ காலில் காட்ட முடியும்! வாங்கின பிறகுதான் தெரியும், அந்த மாடியை நாம் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம் என்று. அவர்கள் மேலே, நாம் கீழே. மிடில் ஸ்கூல் வயது வந்ததும் மேலே ஒரு கதவு சாத்திக்கொள்ளும். அதற்குப் பிறகு பிள்ளையை நேரில் பார்க்க வேண்டுமென்றால் சோறுதான் ஒரே சாக்கு. தினமும் ஏழு மணிக்கு நான் படியடியில் நின்று போட்ட சத்தம் அது. மேலிருந்து "டூ மினிட்ஸ், மா!" என்று பதில் வரும். அந்த இரண்டு நிமிஷம் முடிய அரை மணி ஆகும்.

அந்த ஒரு வரி இப்போது ஒரு பாட்டாகிவிட்டது. அதில் கிட்டாரும் மேற்கு ஆப்பிரிக்க மேளமும் சேர்ந்திருக்கின்றன. யார் வந்து சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன்.

2

எனக்கு ஊர் திருப்பூர். பி.காம். படிக்கும்போதே ஒரு மெல்லிசைக் குழுவில் பாடப் போய்விட்டேன். மாரியம்மன் கோயில் நோம்பி, கல்யாண ரிசப்ஷன் என்று எல்லாவற்றிலும் பாடியிருக்கிறோம். ஆனால் எங்கள் குழுவுக்குப் பெரிய சீசன் என்றால் பனியன் கம்பெனிகளின் ஆயுத பூஜைதான். தையல் மெஷினுக்கெல்லாம் சந்தனப் பொட்டு வைத்து, கட்டிங் டேபிளை ஓரம் தள்ளி, ஆர்டர் பெட்டிகளை அடுக்கி மேடை ஆக்கிவிடுவார்கள். பொரிகடலையும் மெஷின் ஆயிலும் சேர்ந்த அந்த வாசனை இன்றைக்கும் ஏதாவது மெக்கானிக் ஷெட்டைத் தாண்டும்போது மூக்கில் ஏறும். உடனே தொண்டையைச் செருமிக்கொள்வேன், அடுத்து என் பாட்டு என்பதுபோல.

குழுவை நடத்தியவரை மாஸ்டர் என்போம். கீபோர்டு வாசிப்பார். அவருக்கு ஒரே கொள்கைதான். மேடையில் பாடுவது ரெக்கார்டு மாதிரியே இருக்க வேண்டும். சைக்கிள் கடைக்கு மேலே இருந்த அறையில், கேசட்டைத் திருப்பித் திருப்பி ஓட்டிக் காட்டுவார். ரெக்கார்டில் பாடகி எங்கே மூச்சு வாங்குகிறாரோ அங்கேதான் நானும் வாங்க வேண்டும். ஒரு பாட்டில் அந்த அம்மா சிரித்துக்கொண்டே ஒரு எழுத்தை விழுங்கிவிடுவார். தெரிந்து செய்தாரா, தவறிப்போய் வந்ததா என்று யாருக்கும் தெரியாது. நானும் அதே எழுத்தை விழுங்கிப் பழகினேன். ஒருநாள் மறந்துபோய் முழுசாகப் பாடிவிட்டேன். மாஸ்டர் கீபோர்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து முறைத்த முறைப்பில் அடுத்த சரணமே மறந்துவிட்டது.

"நீ பாடாத புள்ள. ரெக்கார்டு பாடட்டும்," என்பார்.

மேடையில் அறிவிப்பாளர் என் பேரைச் சொல்லமாட்டார். "இதோ, திரையில் நீங்கள் கேட்டு மயங்கிய அதே குரல்!" என்பார். நான் மைக்குக்கு முன்னால் போய் நிற்பேன். முடிந்ததும் கம்பெனி முதலாளி வந்து, "கண்ண மூடிட்டுக் கேட்டா ரெக்கார்டு போட்ட மாதிரியே இருக்குதுங்க அம்மணி," என்பார். எங்களுக்கு அதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது. நான் பூரித்துப்போவேன். பொய் எதற்கு, இப்போது நினைத்தாலும் இனிக்கத்தான் செய்கிறது.

ஒரு தடவை சென்னைக்குப் போய் சினிமாவுக்கு டிராக் பாடினேன். பெரிய பாடகி பிறகு வந்து பாடுவதற்கு வழிகாட்டியாக முதலில் வேறு ஒருவரை வைத்துப் பாடிப் பதிவு செய்து வைப்பார்கள். அதற்குத்தான் டிராக் என்று பேர். பெரிய பாடகி பாடிய பிறகு டிராக்கை அழித்துவிடுவார்கள். என் குரலும் அழிந்தது. படம் வந்தது, பாட்டு ஹிட். அடுத்த ஆயுத பூஜைக்கு அந்தப் பாட்டை நானே மேடையில் பாடினேன். நான் முதலில் பாடிக் கொடுத்ததை அந்தப் பாடகி எப்படிப் பாடியிருந்தாரோ, அப்படியே அவரைப் பார்த்துப் பாடினேன். வேனில் திரும்பும்போது மாஸ்டர் சொன்னார், "அப்படியே வந்துருச்சு புள்ள, அந்தம்மா தோத்துது போ." எல்லோரும் கைதட்டினார்கள்.

3

கல்யாணமாகி இங்கே வந்தபோது எனக்கு எச்-4 விசா. கணவர் வேலை பார்க்கலாம், மனைவி பார்க்கக் கூடாது. தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் கரோக்கி போட்டுப் பாடினேன். முடிந்ததும் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். வீட்டுக்கு வந்ததும் குமரேசனுக்கு வியர்த்துவிட்டது.

"ஏம்மா, இது சம்பளமுன்னு ஆயிருமா?"

"பொன்னாடைங்க. ஒரு தடவ தொவச்சா சாயம் போயிரும்."

"இருந்தாலும் லாயர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுர்லாம்."

நிஜமாகவே மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டார். பொன்னாடை என்றால் என்ன என்று லாயர் திருப்பிக் கேட்டார். போட்டோ எடுத்து அனுப்பினோம். கிரீன் கார்டு வரும்வரை அந்தப் பொன்னாடையை நாங்கள் எடுத்து மடிக்கக்கூட இல்லை.

இன்னொரு கூத்து என் பேர். என் பாஸ்போர்ட்டில் செல்வநாயகி என்று ஒரே ஒரு பேர்தான். இங்கே ஆளுக்கு இரண்டு பேர் இருந்தாக வேண்டும். ஒன்றுதான் இருக்கிறது என்றால் அதைக் குடும்பப் பேர் ஆக்கிவிட்டு, முதல் பேர் இருக்கிற இடத்தில் எஃப்.என்.யூ. என்று மூன்று எழுத்துப் போடுவார்கள். முதல் பேர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. டிரைவிங் லைசென்ஸ், வங்கி அட்டை, லைப்ரரி கார்டு எல்லாவற்றிலும் எனக்கு அதுதான். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வெளியே வந்து "ஃப்னு!" என்று கூவுவாள். நான் எழுந்து போவேன்.

மித்ரா ஹைஸ்கூலில் கடைசிக்கு முந்தைய வருஷம் வந்தபோது, எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பக்கத்து கம்யூனிட்டி காலேஜில் ஒலிப்பதிவும் இசைத் தயாரிப்பும் சனிக்கிழமை வகுப்பாக நடப்பது தெரிந்து பதிவு செய்யப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் நல்லவள். இசை அனுபவம் உண்டா என்று கேட்டாள். மேடையில் வருஷக்கணக்காகப் பாடியிருக்கிறேன் என்றேன்.

"உங்கள் ரெக்கார்டிங் ஏதாவது இருக்கிறதா?"

"நான் பாடியது இருக்கிறது. ஆனால் எதுவும் என் பாட்டு இல்லை."

"வேறொருவர் குரலில் பாடுவீர்களா?"

"ஆமாம்," என்றேன். இவ்வளவு சரியாக ஊரில்கூட யாரும் கேட்டதில்லை. அனுபவம் என்ற இடத்தில் அவள் எதையும் எழுதாமல் விட்டுவிட்டாள்.

குமரேசன் கேலி செய்தார். "படிச்சு முடிச்சு மைக்செட் கடை போடறயா? காப்பெல் மாரியம்மன் கோயில் ஆர்டர் எல்லாம் நமக்குத்தான்." ஆனாலும் முதல் நாள் அவர்தான் டிரைவ் பண்ணிக் கொண்டுபோய் விட்டார்.

4

எங்கள் ஆசிரியர் கானா நாட்டுக்காரர், கிட்டார் கலைஞர். ஹைலைஃப் என்று மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு ஜனரஞ்சக இசை இருக்கிறது. கல்யாணம், திருவிழா, ஹோட்டல் எல்லா இடத்திலும் ஜனங்கள் ஆடுவதற்கு வாசிப்பது. அதில் வளர்ந்தவர். கடைசிப் பருவத்தில் அவர் ஒரு நிபந்தனை வைத்தார். இரண்டிரண்டு பேராகச் சேர வேண்டும். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியக் கூடாது. ஹைலைஃப் பாணியில் ஒரு புதுப் பாட்டு செய்து தர வேண்டும்.

எனக்கு ஜோடி டோயின். நைஜீரியாவில் இபாடான் என்கிற ஊர். இங்கே பக்கத்து ஊர் இர்விங்கில் நர்ஸ் வேலை. என்னைவிட நிறைய இளையவள். சர்ச்சில் பாடி வளர்ந்தவள், கிட்டார் வாசிப்பாள். அவர்கள் ஊரிலும் மூத்த பெண்களைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்களாம், ஆன்ட்டிதான். வகுப்புப் பட்டியலைப் பார்த்துவிட்டு முதல் நாள் என்னை "ஆன்ட்டி ஃப்னு" என்றாள். கதையைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் என்னிடம் பேசியதெல்லாம் இங்கிலீஷில்தான். இங்கே நம் பேச்சில் எழுதுகிறேன்.

முதலில் அவள் ஒரு தாளமும் கிட்டாரும் அனுப்பினாள். காலிமனை மாதிரி இருந்தது எனக்கு. நம் மேடையில் ஒரு நொடி காலியாக இருந்தால் மாஸ்டருக்குப் பொறுக்காது, உடனே புல்லாங்குழலில் ஒரு பிட், வயலினில் ஒரு பிட் போட்டு அடைத்துவிடுவார். நானும் அதே புத்தியில், வாரம் முழுக்க கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தபலா, வீணை, வயலின் கூட்டம், கொலுசுச் சத்தம் எல்லாம் சேர்த்து அனுப்பினேன். கல்யாண வீட்டுப் பந்திபோல நிறைவாக இருப்பதாக நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை டோயின் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மௌனமாக்கினாள்.

"ஆன்ட்டி, இவ்ளோ பேரும் யாரு? யாரக் கூட்டிட்டு வந்தீங்க?"

"நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா யாரும் யாருக்கும் வழி விடல."

பிறகு தன் கிட்டாரைத் தனியாகக் கேட்கச் சொன்னாள். ஒரு கிட்டார் நாலைந்து சுரம் வாசித்துவிட்டு நிறுத்துகிறது. அது விட்ட இடத்தில் இன்னொரு கிட்டார் வந்து நிற்கிறது. அதுவும் விடுகிறது. அந்த இடத்தில் உடம்பு தானாக ஒரு அடி எடுத்து வைக்கிறது. கேட்கக் கேட்கத்தான் எனக்குப் பிடிபட்டது. கொலுசையும் எடுத்துவிட்டேன். அது மட்டும் கொஞ்சம் வலித்தது.

5

பதிவு டோயின் வீட்டில். ஸ்டுடியோ என்றால் கண்ணாடியும் பஞ்சுச் சுவரும் நினைத்துக்கொள்ளாதீர்கள். படுக்கையறையில் ஆள் உள்ளே போகிற துணி அலமாரி, அதற்குள் ஒரு மைக். துணி எதிரொலியைக் குடித்துவிடும். ஒரு பக்கம் அவள் ஆஸ்பத்திரி உடுப்புகள், மறு பக்கம் அவர்கள் ஊர்க் கல்யாணத்துக்குக் கட்டுகிற விறைப்பான தலைத்துணிகள். நடுவில் நான், ஹெட்போன் மாட்டிக்கொண்டு.

வரிகளை நான் எழுதியிருந்தேன். நிலா, தென்றல், மேகம் எல்லாம் போட்டுச் சினிமாவுக்கு எழுதுவதுபோல. பாடினேன். டோயின் கதவைத் திறந்தாள்.

"ரொம்ப அழகு, ஆன்ட்டி. யாரு அந்தம்மா?"

"எந்தம்மா?"

"இப்ப பாடினாங்களே, அவங்க."

எனக்குச் சுருக்கென்றது. அவளுக்குத் தமிழ் தெரியாது, நம் பாடகிகளின் பேர்கூடத் தெரியாது. எப்படிக் கண்டுபிடித்தாள்! சரி என்று இன்னொரு பாடகியின் குரலில், கொஞ்சம் மூக்கு சேர்த்துப் பாடினேன். கதவு திறந்தது.

"இது வேற ஆளு. உள்ள எத்தன பேர வெச்சிருக்கீங்க? நீங்க எப்ப வருவீங்க, ஆன்ட்டி?"

அவள் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நான்தான் அன்றைக்கு வீட்டுக்கு வந்து கராஜில் காரை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். மேடையேறியதிலிருந்து பாடின பாட்டெல்லாம் மனதில் ஓட்டிப் பார்த்தேன். இது என் குரல் என்று ஒரு வரியைக்கூடத் தனியாக எடுக்க முடியவில்லை. தாலாட்டுகூட, பாவம் மித்ரா, ஏதோ ஒரு ரெக்கார்டில் இருந்ததைத்தான் கேட்டிருக்கிறாள். உள்ளே யாருமே இல்லையோ என்று பயமாக இருந்தது.

அடுத்த வாரம் டோயினிடம் சொல்லிவிட்டேன். "நான் பாடல. என் மக ஸ்கூல் கொயர்ல பாடறா. அவளப் பாட வெக்கலாம். நான் அவளுக்கு டிராக் மட்டும் போட்டுத் தர்றேன்."

உண்மையில் அதில் எனக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. மித்ரா நியூஜெர்சிக்குப் போவது அப்போதே முடிவாகிவிட்டது. போவதற்கு முன்னால் அவள் வாயிலிருந்து ஒரு தமிழ்ப் பாட்டு எனக்கு வேண்டும். தமிழ் எல்லாம் புரியும் அவளுக்கு. நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் சொல்வாள். எங்கள் வீட்டில் இப்படியே பதினேழு வருஷம் ஓடிவிட்டது.

டோயின் ஒத்துக்கொண்டாள். ஆனால் நிலாவும் தென்றலும் அவளுக்குப் பிடிக்கவில்லை. சாயங்காலமானால் இபாடானில் அவள் அம்மா வாசலில் நின்று பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடுவாராம், "வா, ஜெவுன்!" என்று. ஜெவுன் என்றால் சாப்பிடு, அவர்கள் யோருபா மொழியிலும் வா என்றால் வா. உடனே கிளம்பிவிடாதீர்கள், எங்கள் வாட்ஸாப் குழுவில் ஒரு அங்கிள் ஏற்கனவே கிளம்பி, உலகத்தின் முதல் மொழி எது என்று மூன்று வாய்ஸ் மெசேஜ் போட்டுவிட்டார்.

"நீங்க உங்க பொண்ண எப்படிக் கூப்புடுவீங்க?"

"சோறு ஆறுது கண்ணு, வா."

"பாடாதீங்க. முதல்ல சொல்லுங்க. வீட்ல எப்படியோ அப்படி."

அவர்கள் மொழியில் ஒரு சொல்லை ஏற்றிச் சொன்னால் ஒரு பொருள், இறக்கிச் சொன்னால் வேறு பொருளாம். மெட்டு தன் பாட்டுக்கு மேலே போய்விட்டால் சொல் கெட்டுப்போகும். அதனால் முதலில் பேசிப் பார்ப்பார்களாம், பேச்சு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் மெட்டு போகுமாம். நான் கண்ணை மூடிக்கொண்டு மாடிப்படியை நினைத்துக்கொண்டேன். கூப்பிட்டேன். எங்கள் கோயமுத்தூர்ப் பக்கத்து இழுவை அப்படியே வந்தது. சென்னையில் டிராக் பாடப் போனபோது, அதை விட்டால்தான் மைக் முன்னால் நிற்க விடுவோம் என்று அங்கே இருந்தவர்கள் சொன்ன இழுவை. டோயின் அதைக் கிட்டாரில் தடவித் தடவிப் பிடித்தாள். கண்ணு என்கிற இடத்தில் அது எவ்வளவு மேலே போகிறது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

பிறகு பாடினேன். எப்படியும் அழிக்கப்போகிற டிராக்தானே என்று எந்தக் கவலையும் இல்லாமல் பாடினேன். அலமாரிக்குள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"ஒரே ஒரு தப்பு," என்றாள் டோயின். "கண்ணுக்கு அப்புறம் வா கொஞ்சம் லேட்டா வருது. தாளம் தாண்டிப் போறீங்க."

மறுபடியும் பாடினேன். மறுபடியும் லேட். தாளம் பிசகாமல் மேடையில் பாடினவள் நான். அந்த ஒரு இடத்தில் மட்டும் வரவில்லை. விடு, மித்ரா சரியாகப் பாடுவாள் என்று விட்டுவிட்டோம்.

6

மித்ராவைக் கூட்டிக்கொண்டு போகக் கார் சாவியை விலையாகக் கொடுத்தேன். அந்தச் சனிக்கிழமை முழுக்க அவள் டிரைவ் பண்ணலாம். வழியெல்லாம் ஃப்ரீவேயில் என் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது.

"மா, ஸ்டாப் பிரேக்கிங்."

"நீ முன்னால பாரு சாமி."

டோயினைப் பார்த்ததும் கொஞ்சம் இளகினாள். நான் பாடிய டிராக்கை ஹெட்போனில் மூன்று நான்கு தடவை கேட்டாள். பிறகு அலமாரிக்குள் போனாள். நானும் டோயினும் வெளியே கட்டிலில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் கேட்டோம்.

"சோறு ஆறுது கண்ணு..."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. றகரம் அமெரிக்க றகரம்தான், நாக்கு மடங்கித்தான் இருந்தது. ஆனால் இழுவை என் இழுவை. கண்ணு மேலே ஏறுகிற இடத்தில் என் தொண்டை லேசாகக் கரகரக்கும், அந்தக் கரகரப்பையும் அவள் விடவில்லை. மாஸ்டர் இருந்திருந்தால் கீபோர்டை விட்டு எழுந்தே நின்றிருப்பார். நான் வாயில் கை வைத்துக்கொண்டேன்.

வா வரவில்லை. தாளம் அதைத் தாண்டிப் போனது. அதற்குப் பிறகுதான் அவள் "வா" என்றாள்.

டோயின் நிறுத்தினாள். "டார்லிங், அங்க லேட் ஆகுது."

"ஐ நோ," என்றது உள்ளே இருந்து குரல்.

"அப்ப ஏன் நிக்கற?"

"தட்ஸ் வேர் ஷி வெயிட்ஸ்."

டோயின் என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் புரியாமல் விழித்தேன். அலமாரிக் கதவு திறந்து மித்ரா தலையை நீட்டினாள்.

"மா, நீங்க ஆல்வேஸ் அங்க வெயிட் பண்ணுவீங்க. ஐ சே டூ மினிட்ஸ், தென் யூ சே வா. எவ்ரி டே."

இத்தனை வருஷமாகப் படியடியில் நின்ற எனக்கு அது தெரியாது. கண்ணு என்று கூப்பிட்டுவிட்டு மேலே கதவு திறக்கிறதா, நாற்காலி நகர்கிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பேன்போல. அப்படித்தான் பாட்டிலும் நின்றிருக்கிறேன். கதவைச் சாத்திக்கொண்டு மேலே இருந்தவள், ஹெட்போன் மாட்டிக்கொண்டிருந்தவள், நான் கூப்பிடுவதைக் காதிலேயே வாங்குவதில்லை என்று நான் அவள் அப்பாவிடம் புகார் சொன்னவள், நான் நிற்கிற நேரத்தைக்கூடப் பாடம் பண்ணி வைத்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. டோயினின் தலைத்துணி ஒன்றில்தான் முகத்தைத் துடைத்தேன். விலை உயர்ந்த துணி அது.

டோயினுக்குக் கண் பளபளத்தது, ஆனால் அவளுக்குப் பாட்டுதான் முக்கியம். "எங்க ஊர்ப் பாட்டுல கூப்புடறவங்க இடம் விட்டுத்தான் கூப்புடுவாங்க. அந்த இடத்துல ஊரே பதில் பாடும். நான் மடச்சி, அத வெட்டப் பாத்தேன்," என்றாள். மித்ராவைத் திரும்ப உள்ளே போகச் சொன்னாள். "நீ நிஜமா என்ன சொல்லுவியோ அத மட்டும் அங்க சொல்லு."

"அப்ப பாட்டு?" என்று நான் கேட்டேன். "மித்ரா பாடினதே நல்லா இருக்குதே. அதையே வெச்சுக்கலாமே."

மித்ரா என்னை ஒரு மாதிரி பார்த்தாள், எளிய கணக்கு தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல.

"மா, யூஸ் யுவர்ஸ். ஐ வாஸ் ஜஸ்ட் டூயிங் யூ."

இதோ, நீங்கள் கேட்டு மயங்கிய அதே குரல். அந்த அறிவிப்பு என் காதில் கேட்டது, சத்தியமாக, மெஷின் ஆயில் வாசனையோடு.

7

வகுப்பில் பாட்டைப் போட்டோம். முதலில் டோயினின் கிட்டார், நான் கூப்பிடுகிறேன், இடைவெளியில் மித்ரா கொஞ்சம் எரிச்சலோடு "டூ மினிட்ஸ், மா!" என்கிறாள், அப்புறம் என் வா, அதன்மேல் டோயின் "வா, ஜெவுன்" என்று ஏறிக்கொள்கிறாள். எங்கள் ஆசிரியர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, கூப்பிடுகிறவர் யார் என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். பேர் கேட்டார். செல்வநாயகி என்று முழுசாகச் சொன்னேன். அவர் இரண்டு தடவை முயற்சி செய்து சரியாகச் சொன்னார்.

மாஸ்டருக்கும் வாட்ஸாப்பில் அனுப்பி வைத்தேன். அவருக்கு வயதாகிவிட்டது, குழுவைக் கலைத்துப் பல காலம் ஆகிறது. யார் பாடினது என்று நான் எழுதவில்லை. இரண்டு நாள் கழித்து அவர் குரலிலேயே பதில் வந்தது.

"இது யாரு ரெக்கார்டு புள்ள? நானும் எத்தனையோ பேரக் கேட்டிருக்கறேன். இந்தக் கொரலக் கேட்ட மாதிரியே இல்லையே!"

நான் அதைப் பல தடவை போட்டுக் கேட்டேன். "அது நான்தான், மாஸ்டர்," என்று இன்னும் அவருக்குச் சொல்லவில்லை. சொல்ல மனசு வரவில்லை.

குமரேசனுக்கு ஏர்போர்ட் போகும் வழியில் காரில் போட்டுக் காட்டினோம். முழுசாகக் கேட்டார். "இதுக்கா இத்தன நாள் காலேஜுக்குப் போன? இதத்தான் நான் தெனமும் ஓசியில கேக்கறனே," என்றார். பின்சீட்டில் மித்ரா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அவருக்குச் சுருதியும் தெரியாது, தாளமும் தெரியாது. கோயில் பஜனையில் கைதட்டினாலே பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து உட்காருவார்.

மித்ரா போன பிறகு ஏழு மணி ஆனால் வீடு என்னவோ போல் இருக்கிறது. அவள் அங்கே டைனிங் ஹாலில் என்ன சாப்பிடுகிறாளோ, யார் கூப்பிடுகிறார்களோ. போனில் கேட்டால், "ஐ ஏட், மா," என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறாள். ஃபோட்டோ அனுப்பு என்றால் பீட்ஸா அனுப்புகிறாள். மாடி விளக்கைப் போடுவதில்லை. படியில் கால் வைப்பதும் இல்லை.

போன வாரம் நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன். இனிமேல் கூப்பிடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன். நேற்றைக்குக் கீரைக் கடைசல். இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினால் கால் தானாகப் படியடிக்குப் போய்விட்டது, கை கட்டையைப் பிடித்துவிட்டது. "சோறு ஆறுது கண்ணு..." வாயிலிருந்து வந்த பிறகுதான் நினைவு வந்தது. மேலே இருட்டாக இருந்தது. கையை எடுத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

சோபாவிலிருந்து, போனை விட்டுத் தலையைத் தூக்காமலேயே, தாளம் தெரியாத அந்த மனிதர், சரியாக அந்த இடத்தில்,

"டூ மினிட்ஸ், மா!" என்றார்.

"வா," என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் வாங்க என்பதைத் தவிர வேறு மாதிரி கூப்பிட்டதே இல்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவர் எழுந்து வந்தார்.